அமுக்குப் பெட்டியின் வலது பக்கம்

அம்மா விழுந்து கிடந்த அன்று ரெஜினா அவளுடைய அழைப்பை ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை துண்டித்தாள். இதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. மறைத்து என்ன ஆகப்போகிறது?

அம்மா வீட்டுக் குளியலறைச் சுவரில் அவசரப் பொத்தான் ஒன்று உண்டு. அழுத்தினால் அடுக்ககத்தின் பொது எண்ணிலிருந்து மகளுக்கு அழைப்பு போகும். ரெஜினா எடுத்தாள். ரயில் தாமதம் என்று அறிவிக்குமே, கடன் வேண்டுமா என்று நச்சரிக்குமே, அதே மழமழவென்ற பெண் குரல். "ரெஜி, நான்தான், விழுந்துட்டேன்" என்றது. இந்த ஏமாற்றுக்காரர்கள் செல்லப்பெயரைக்கூடத் தெரிந்துகொண்டுவிட்டார்களே என்று எரிச்சல்பட்டு வைத்துவிட்டாள். மறுபடி வந்தது. மறுபடி வைத்தாள். எழுபத்து நான்கு வயது அமலோற்பவம், மணிக்கட்டு முறிந்து, ஈரத் தரையில் இரண்டு மணி நேரம் கிடந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்தான் கதவை உடைத்துத் தூக்கினார்.

மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்ட நர்ஸுக்கு விஷயம் விளங்கவில்லை. "அவங்க சொந்தக் குரல்லயே பேசியிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே மேடம்?"

"அவங்க குரல் அவங்க பேர்ல இல்ல சிஸ்டர்," என்றாள் ரெஜினா.

"அப்படின்னா?"

"போலிக் குரல் வெச்சு ஊரையே ஏமாத்தினாங்களே, அதுக்கப்புறம் ஒரு குரல் ஒரு ஆளுக்குன்னு சட்டம் வந்துச்சு இல்லையா? அம்மா பதிவு பண்ணப் போனாங்க. மெஷின் வயசைக் கழிச்சுப் பார்த்துட்டு, இது ஏற்கெனவே மஞ்சுளவாணி பேர்ல பதிவான குரலோட சாயல்னு சொல்லிடுச்சு. பாடகி மஞ்சுளவாணி. அவங்க போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆச்சு, அவங்க அறக்கட்டளைக்காரங்க முந்திப் பதிவு பண்ணிக்கிட்டாங்க. அதுல இருந்து எந்த போன்ல பேசினாலும், எந்த மைக்ல பேசினாலும், அம்மாவுக்கு அந்தப் பொதுக் குரல்தான் வரும்."

கட்டிலில் கிடந்த அமலோற்பவம் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "சாயல் இல்லம்மா. அவங்க பதிவு பண்ணி வெச்சிருக்கிற அந்தத் தாலாட்டே நான் பாடினதுதான்."

நர்ஸ் ரெஜினாவைப் பார்த்தாள். ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். இந்தப் பார்வை அவளுக்குப் புதிதல்ல. அம்மா இப்படிச் சொன்னதைப் பள்ளிச் சிநேகிதி ஒருத்தி கேட்டுவிட்டாள், அடுத்த நாள் வகுப்பே சிரித்தது. பதினான்கு வயதில் வீட்டுக்கு வந்து, "இனிமே வெளிய சொல்லாதம்மா, என் மானம் போகுது" என்று கத்தினாள். அம்மா அதற்குப் பிறகு மகளின் சிநேகிதிகள் முன்னால் அதைச் சொன்னதில்லை. ஆனால் பேச்சை மாற்றிக்கொண்டதும் இல்லை.

அமலோற்பவம் சினிமாவுக்கு ட்ராக் பாடியவள். பெரிய பாடகிக்குத் தேதி கிடைக்காத நாளில், வாத்தியக்காரர்களைச் சும்மா உட்கார வைக்க முடியாது. அதனால் சின்னப் பாடகி ஒருத்தியைக் கூப்பிட்டுப் பாட்டை முழுசாகப் பாட வைத்துப் பதிவு செய்துகொள்வார்கள். பெரியவர் வந்ததும் அதைக் கேட்டுப் பாடம் பண்ணிக்கொண்டு அதே இடத்தில் தன் குரலைப் பதிப்பார். சின்னவள் பாடியது அழிந்துபோகும். அதுதான் வழக்கம், யாருக்கும் வருத்தமில்லை. தொண்ணூற்று நாலில் அந்தத் தாலாட்டுக்கு மட்டும் தன்னுடையதை அழிக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள் என்பது அமலோற்பவத்தின் கட்சி. டேப்பைத் துடைத்து மேலே வேறு எதையோ பதிந்துவிட்டார்கள். இசையமைப்பாளர் இப்போது உயிரோடு இல்லை, இன்ஜினியரும் இல்லை. கேஸட்டில் மஞ்சுளவாணி பெயர் மட்டும்.

குரல் பதிவகத்தில் மனுப் போட்டிருந்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை விசாரணை. அத்தாட்சி கொண்டுவராவிட்டால் கோப்பை மூடிவிடுவோம் என்று கடிதம் வந்திருந்தது. மூடினால் அமலோற்பவம் சாகிற வரைக்கும் அந்த ரயில்வேக் குரல்தான்.

கையில் கட்டோடு அம்மாவை வீட்டில் தனியே விட மனம் வரவில்லை. ரெஜினா அவளைக் கிண்டியிலிருந்த தன் பட்டறைக்கே கூட்டிக்கொண்டு போனாள். ரெஜினாவும் கல்லூரியில் கூடப் படித்த பூவராகனும் சேர்ந்து நடத்துகிற இடம். பழைய ஒலிப்பதிவுக் கருவிகளைப் பிரித்து, அளந்து, அச்சு அசலாகப் புதிதாகச் செய்து கொடுப்பது தொழில். கம்ப்யூட்டரிலேயே பிறந்து கம்ப்யூட்டரிலேயே வளர்ந்த பாட்டு எல்லாம் உயிரில்லாமல் கிடக்கிறது என்று ஸ்டூடியோக்காரர்களுக்கே அலுத்துப்போயிருந்தது. ஆகவே பட்டறைக்கு வேலைக்குக் குறைவில்லை.

மேசையில் இருந்த இரும்புப் பெட்டியைப் பார்த்ததும் அமலோற்பவம் நின்றுவிட்டாள்.

"இது முல்லை தியேட்டர் பெட்டி ஆச்சே!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்மா?" என்றான் பூவராகன். வடபழனி முல்லை ரெக்கார்டிங் தியேட்டரில், அங்கேயே வேலை பார்த்தவர்கள் கையால் செய்த ஸ்டீரியோ கம்ப்ரஸர் அது. உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். ஹைதராபாத் கம்பெனி ஒன்று அதை வாங்கி, இதே மாதிரி நூறு வேண்டும் என்று அனுப்பியிருந்தது.

"தெரியாம என்ன? அமுக்குப் பெட்டின்னு சொல்வாங்க. சூடு ஏறும்னு மூடியக் கழட்டித்தான் வெச்சிருப்பாங்க. பாட்டுக்கு எப்பவும் வலது பக்கம், வாத்தியத்துக்கு இடது பக்கம். அந்தத் தியேட்டர் பழக்கம் அது. நான் பாடும்போது வலது பக்கத்து விளக்கு எரியறது கண்ணாடி வழியாத் தெரியும். ரொம்ப எரிஞ்சா நான் கத்துறேன்னு அர்த்தம்." அவள் பெட்டியை நல்ல கையால் தொட்டாள். "உள்ள என்னதான் பண்ணுது இது?"

பூவராகனுக்கு இப்படிக் கேட்கிறவர்களைப் பிடிக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டான். "குரல் ஏறினா விளக்கு பளிச்சுனு எரியும். எதிர்ல ஒரு சில்லு இருக்கும்மா. வெளிச்சம் பட்டா அது குரலைக் கீழ அமுக்கும். குரல் இறங்கினா விளக்கு அணையும், சில்லு விட்டுடும். ஆனா டக்குனு விடாது. கொஞ்சம் மயங்கி நின்னு மெதுவா விடும். அந்த மயக்கத்துக்குத்தான் இவ்வளவு பேர் அலையுறாங்க."

"ஏன் மயங்குது?"

"பட்ட வெளிச்சத்தைக் கொஞ்சம் உள்ள பிடிச்சு வெச்சுக்குது. முழுசா விடறதே இல்ல. எத்தனை வருஷம் ஆனாலும் அடியில தங்கியிருக்கும். அதை அளந்தாத்தான் அதே மயக்கத்தோட புதுச் சில்லு செய்ய முடியும். நாங்க வெங்காயம் உரிக்கிற மாதிரி ஒவ்வொரு தோலா உரிச்சு அளக்குறோம். ஒரு தடவை உரிச்சா உரிச்சதுதான். அப்புறம் சில்லு வெறும் கல்லு."

அமலோற்பவம் பெட்டியைக் குனிந்து பார்த்தாள். "அப்போ நான் பாடினது அதுக்குள்ள இருக்கா?"

இரண்டு இன்ஜினியர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அட, ஒரு மாதமாக அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறார்கள், இந்தக் கேள்வி அவர்களுக்குத் தோன்றவே இல்லை. தாலாட்டு பதிவான சில மாதங்களிலேயே முல்லை தியேட்டர் மூடிவிட்டது. அதாவது மேல்தோலுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

அவள் தேநீர் குடிக்கப் போனதும் பூவராகன் தாழ்ந்த குரலில் சொன்னான்: "ஆசைப்படாத ரெஜினா. இடது பக்கத்தை மட்டும்தான் உரிக்கலாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கோம். வலது பக்கம் ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்கு. அது உயிரோட திரும்பிப் போகணும்."

"அம்மாவோட குரல் அதுல இருக்குன்னா?"

"இருந்தாலும் அது நம்ம பொருள் இல்ல. முல்லை தியேட்டர்ல பாடினவங்க அத்தனை பேரும் அதுலதான் இருக்காங்க. உங்கம்மா மட்டும் இல்ல."

நியாயமான பேச்சு. ரெஜினா சரி என்று தலையாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை பூவராகன் ஒரு கல்யாணத்துக்குக் கடலூர் போனான். அம்மாவைப் பக்கத்து வீட்டுக்காரரோடு சர்ச்சில் பத்து மணிப் பூசைக்கு அனுப்பிவிட்டு ரெஜினா பட்டறையைத் திறந்தாள்.

நான்கு மணி நேரம் ஆனது. தோல் தோலாக வந்தது. எந்தப் படத்தின் எந்தப் பாட்டோ, யார் யாரோ. அவர்களைக் கடந்து போகும்போது அவளுக்கு மனசு உறுத்தாமல் இல்லை. இனி அவர்களை யாரும் கேட்க முடியாது. ஆனால் ஈரத் தரையில் கிடந்த இரண்டு மணி நேரம் அவள் கண்ணிலேயே நின்றது. கடைசியில் தாலாட்டு கிடைத்தது. அளவுகளைக் குரலாக்குகிற நிரலுக்கு ஒரு மாதிரிக் குரல் தேவை. அம்மா எப்போதோ வீட்டில் பாடியபோது பதிந்து வைத்ததைக் கொடுத்தாள்.

பாட்டு வந்தது. இருபத்திரண்டு வயதுக் குரல். அம்மாவேதான். ரெஜினா மேசைமீது தலையை வைத்து வாய்விட்டு அழுதாள்.

திங்கட்கிழமை பூவராகன் வலது சில்லைப் பார்த்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது ரெஜினாவுக்கு.

"நம்ம பட்டறையோட முப்பது வருஷ நல்ல பேரு, ரெஜினா. நாலு மணி நேரத்துல முடிச்சிட்ட."

"நீ முதல்ல இதைக் கேளு."

கேட்டான். முழுவதும் கேட்டான். பிறகுதான் வாயைத் திறந்தான்: "மாதிரிக்கு யார் குரலைக் கொடுத்த?"

"அம்மாவோடதை."

அவன் மஞ்சுளவாணியின் பழைய பேட்டி ஒன்றை எடுத்து மாதிரியாகக் கொடுத்தான். அதே தாலாட்டு, மஞ்சுளவாணி பாடினார். பிறகு ரெஜினாவின் குரலைக் கொடுத்தான். ஜென்மத்தில் ஒரு ஸ்வரம் ஒழுங்காகப் பாடாத ரெஜினா, தன் வாயால் அந்தத் தாலாட்டை அட்சர சுத்தமாகப் பாடினாள்.

"சில்லுக்குத் தெரிஞ்சது ஏத்த இறக்கம் மட்டும்தான்," என்றான் பூவராகன். "எவ்வளவு சத்தம், எங்க மூச்சு, அவ்வளவுதான். யாரோட தொண்டைன்னு அதுக்கு எப்படித் தெரியும்? அதை நிரல் நாம கொடுத்த மாதிரியில இருந்து எடுத்துத் தைச்சுப் போடுது. இது உனக்குத் தெரியாதா?"

தெரியாமலா இருந்தது? முப்பது வருஷமாக இதையே தின்று இதையே குடிக்கிறவள். ஆசை வந்தால் படித்ததெல்லாம் எங்கேயோ போய்விடுகிறது.

"அம்மா குரல்ல வந்ததை மட்டும் கொடுத்தா பதிவகத்துல யாருக்கும் தெரியப் போறதில்ல," என்றாள் ரெஜினா மெதுவாக.

"ஆமா, தெரியாது," என்று மட்டும் சொன்னான் பூவராகன். அன்றைக்கே ஹைதராபாத்துக்கு நடந்ததை உள்ளபடி எழுதினான். சாயங்காலத்துக்குள் பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. நூறும் இல்லை, ஒன்றும் இல்லை.

வீட்டில் அமலோற்பவம் இடது கையால் கரண்டி பிடித்து இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் கரண்டியை வைத்தாள்.

"என்ன சொல்லுச்சு பெட்டி?"

பையில் அம்மாவின் குரலில் வந்த பதிவு இருந்தது. அதைப் போட்டுக் காட்டியிருந்தால் அம்மா எப்படிச் சந்தோஷப்பட்டிருப்பாள்! ரெஜினா பையைத் திறக்கவில்லை.

"ஒண்ணும் சொல்லலம்மா. யார் குரலைக் கேட்டாலும் கொடுக்குது. அத்தாட்சி ஆகாது."

"ஓ." அமலோற்பவம் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாள். "அப்போ வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுது."

"அம்மா. அந்தப் பாட்டு நீ பாடினதுதான்."

"பெட்டிதான் ஒண்ணும் சொல்லலங்கிறியே?"

"பெட்டி சொல்லல. நான் சொல்றேன்."

"திடீர்னு என்ன?"

ரெஜினா பையைக் கீழே வைத்தாள். "பஸ்ஸுல வரும்போது யோசிச்சேன். உன்னை நம்பாம இருக்க எனக்கு ஒரு காரணமும் இருந்ததில்லம்மா. வெட்கம்தான் இருந்துச்சு. பெட்டி சொன்னா நம்பலாம்னு போனேன். அதுக்காகக் கூட்டாளியையும் நட்டாத்துல விட்டுட்டேன். பெத்தவ சொன்னா போதாதா எனக்கு?"

அமலோற்பவம் தட்டைத் தள்ளி வைத்தாள். எழுந்துபோய்க் கையைக் கழுவினாள். ஒற்றைக் கையால் கழுவ வசமில்லாமல் முழங்கை வரை நனைந்தது. திரும்பி வந்து மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"மூணாவது சரணம் நான் இல்ல ரெஜி."

"என்னம்மா?"

"நீ வயித்துல ஏழு மாசம். பல்லவி பாடினேன், ரெண்டு சரணமும் பாடினேன். மூணாவதுல குரல் மேல ஏறணும். மூச்சு எட்டல, கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு. சோடா கொடுத்து உட்கார வெச்சாங்க. பாடினவரைக்கும் போதும், நாளைக்கு அந்தம்மா வந்து எல்லாத்தையும் மாத்திப் பாடப் போறாங்கதானேன்னாங்க. மறுநாள் நானும் போய் ஒரு ஓரமா நின்னேன். மஞ்சுளவாணி அம்மா வந்து நான் பாடினதைக் கேட்டாங்க. ரெண்டு தடவை கேட்டாங்க. இந்தப் பொண்ணு பாடினதை எடுத்துட்டு நான் பாடினா குறைச்சலாத்தான் இருக்கும், மூணாவது மட்டும் நான் பாடுறேன், ரெண்டு பேர் பேரையும் போடுங்கன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. நல்ல மனசு. கேஸட் வந்தப்போ ஒரு பேர்தான் இருந்துச்சு. அது அவங்க செஞ்சதில்ல."

"இத்தனை வருஷம் ஏம்மா சொல்லல?"

"யார்கிட்டச் சொல்ல?" அமலோற்பவத்தின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், ரெண்டு சரணம் உன்னோடதுன்னு ஒத்துக்கிட்டிருந்தா மூணாவதை அப்பவே கொடுத்திருப்பேன். ஒண்ணுமே இல்லாம நிக்கிறவகிட்ட, பாதியை விட்டுக்கொடுன்னா எப்படி? கொஞ்சம் இறங்கினா முழுசையும் பிடுங்கிடுவாங்கன்னு பயம். அப்படியே சொல்லிச் சொல்லி எனக்கே மூணும் என்னோடதுன்னு ஆயிப்போச்சு. என்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொன்ன ஒரே மனுஷி. அவங்க பாடினதையும் சேர்த்து நான் எடுத்துக்கிட்டேன்."

ரெஜினா அம்மாவின் மாவுக்கட்டின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூச்சு! யாருடைய குரலையும் கொடுக்காமல், வெறும் அளவுகளை மட்டும் பார்த்தால்? ஓடிப்போய் மடிக்கணினியைத் திறந்தாள். முதல் இரண்டு சரணத்திலும் ஒவ்வொரு அடிக்கும் நடுவில் ஒரு சின்ன மூச்சு. வயிற்றில் பிள்ளையோடு நிற்கிறவளின் மூச்சு. மூன்றாவதில் அடி முழுக்க ஒரே இழுப்பு. பாடியது இரண்டு பேர். சில்லு களைத்துப்போய் அளவு தப்பியிருக்கும் என்று நேற்று அவளே அதை ஒதுக்கிவிட்டிருந்தாள். முழுப் பாட்டும் அம்மாவுடையது என்று நிரூபிக்கப் போனவளுக்கு அது இடைஞ்சலாகத்தான் பட்டது.

"அம்மா, இதைக் காட்டலாம். ஆனா மனுவுல முழுப் பாட்டும்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கோம். மாத்திச் சொன்னா பொய்ச் சத்தியம்னு மனுவையே தள்ளிடலாம்."

"தள்ளட்டும். உன்கிட்டச் சொல்லிட்டேன். இனிமே வேற மாதிரி சொல்ல எனக்கு வாய் வராது."

வெள்ளிக்கிழமை நந்தனத்தில் விசாரணை. அறக்கட்டளையின் வக்கீல் ஒரு பக்கம், ரெஜினாவும் அம்மாவும் ஒரு பக்கம். அழைக்காமலேயே வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருந்தான் பூவராகன். ரெஜினா அனுப்பியிருந்த மூச்சு அளவுகளை விளக்கச் சொன்னால் தானே விளக்குவதாக அவன் காலையில் செய்தி அனுப்பியிருந்தான், வேறு ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். "முழுப் பாட்டையும் நீங்கதான் பாடினீங்களா அம்மா?"

அமலோற்பவம் மைக்கில், "இல்லை" என்றாள். அறை முழுக்க ரயில்வேக் குரல் இல்லை என்றது. அவள் முகம் சுளித்தாள். மாவுக்கட்டுக் கையாலேயே மைக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். கேட்பதற்கு அதிகாரி முன்னால் குனியவேண்டியிருந்தது.

"இல்லைங்கய்யா. மூணாவது சரணம் மஞ்சுளவாணி அம்மா பாடினாங்க."

வக்கீல் துள்ளி எழுந்தார். அதிகாரி அவரைக் கையமர்த்தினார். "அப்போ ஐம்பத்திரண்டு வருஷமா நீங்க சொல்லிட்டு வந்தது பொய்யா?"

"மூணுல ஒரு பங்கு பொய்ங்கய்யா," என்றாள் அமலோற்பவம். "அந்தப் பங்கு அவங்க பேர்லயே இருக்கட்டும், அது அவங்களுது. மீதி ரெண்டு என்னோடது. அதை மட்டும் கொடுங்க."